ஜாக் திருத்த வந்த பிள்ளை

பட்டனை அழுத்தினால் அடியிலுள்ள நாலு ஜாக் கால்களும் தானாக இறங்கி, வீடுபோன்ற எங்கள் மோட்டர்ஹோம் வண்டியை மட்டமாக நிறுத்தவேண்டும். அதுவோ ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் சரிந்து நின்றது. உள்ளே பிள்ளையாருக்கு விளக்கு வைத்தால் எண்ணெய் வழிந்தது. கோபத்தில், ஜாக் பூட்டியவனை வேலையால் நிறுத்துங்கள் என்று அந்தக் கம்பனி முதலாளிக்குப் போன் எடுத்தேன்.

வெள்ளைக்கார முதலாளி அவனையே கிளென் வேவர்லியிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அகதியாகப் படகில் வந்து, தற்காலிக விசாவில் இருக்கும் எங்கடை தமிழ்ப் பிள்ளை. மெலிந்த உடம்பு, நகமெல்லாம் கிரீஸ். சாமியைக் கண்டதும் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே ஏறினான்.

"பூட்ஸைக் கழட்டி என்ன, தம்பி? வேலையெல்லோ தெரியவேணும்!" என்று கத்தினேன்.

அவன் சாமி அலுமாரியைத் திறந்தான். வண்டியின் சரிவை அறிந்து ஜாக்குகளுக்குச் சொல்லும் சின்னப் பெட்டி அதற்குள்தான் இருந்தது.

"இதை ஆர் அங்கிள் கழட்டிப் பூட்டினது?"

பிள்ளையாருக்கு இடம் போதாதென்று நான்தான் அதைக் கழற்றி, ஒரு பக்கமாகச் சரித்துப் பூட்டியிருந்தேன்.

அவன் நிமிர்த்திப் பூட்டினான். வண்டி மட்டமாக நின்றது. என்ன பிழை என்று முதலாளி கேட்டார். தான் ஸ்க்ரூவைச் சரியாக இறுக்கவில்லை என்றான். அவர் அவனைக் கண்டபடி ஏசினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பூட்ஸைப் போட்டுக்கொண்டே சொன்னான்: "சாமி வச்சதாலதான் பிழை எண்டு வெள்ளைக்காரனுக்குச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. நீங்களாவது உண்மையைச் சொல்லுவியள் எண்டு பாத்தனான், அங்கிள்."

இப்போது எண்ணெய் வழிவதில்லை. விளக்கு வைக்கும்போதெல்லாம் எனக்கு என்மேல்தான் பற்றிக்கொண்டு வருகிறது.