பெல்ட் கவிஞரின் அப்பா

கூரியர் ஆபீஸில் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கிறவருக்குக் கவிதைப் பைத்தியம் பிடித்தால் யார் என்ன செய்ய முடியும்? எங்கே கவிதை விழா என்று காதில் விழுந்தாலும் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். மேகத்தைப் பற்றிப் படிப்பார், ரொட்டியைப் பற்றிப் படிப்பார். சபை கொட்டாவி விடும். சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் நிற்பவர், "நீங்களும் எழுதுவீங்களா?" என்று கேட்பார். மனுஷன் எத்தனை காலம்தான் தாங்குவார்?

கடைசியில் 'அப்பாவின் பெல்ட்' எழுதினார். குடித்துவிட்டுச் சிவந்த கண்ணோடு வரும் அப்பா, கட்டிலுக்கடியில் ஒளியும் பிள்ளை, ஆணியில் தொங்கும் பெல்ட். படித்த இடமெல்லாம் ஜனம் மூக்கை உறிஞ்சியது. அழைப்புக்கு மேல் அழைப்பு. பெல்ட் கவிஞர் என்று பெயரும் ஒட்டிக்கொண்டது.

அவருடைய அப்பா குடித்ததே இல்லை. பேக்கரியில் அடுப்படி வேலை பார்த்தவர். கண் சிவந்தது சூட்டினால். பிள்ளையை அடிப்பது இருக்கட்டும், அதட்டக்கூடத் தெரியாத மனிதர். கவிதை என்றால் கற்பனை இருக்கத்தான் செய்யும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "நெஜமாவே நடந்ததா?" என்று யாராவது கேட்டால் நம்மவர் தலையைக் குனிந்து ஒரு பெருமூச்சு விடுவார் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உள்ளூர் நூலகத்திலேயே விழா வந்தபோது வீட்டில் அவர் மூச்சு விடவில்லை. ஆனால் நூலகச் சுவரில் பிள்ளையின் படத்தைப் பார்த்துவிட்ட அப்பா, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். மேடையேறிய பிறகுதான் கவிஞர் அவரைக் கண்டார். அவசரமாக மேகக் கவிதையை எடுத்தார்.

"பெல்ட்! பெல்ட் படிங்க!" என்று கூட்டம் கத்தியது.

ஒன்றும் புரியாமல் அப்பாவும் கூடச் சேர்ந்துகொண்டார். "அதையே படிப்பா, எல்லாரும் ஆசப்பட்டுக் கேக்குறாங்க!"

படித்தார். வெட்கத்தில் குரல் நடுங்கியது. துக்கத்தில் நடுங்குகிறது என்று நினைத்துச் சபை இன்னும் அழுதது. அப்பா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், எல்லோரோடும் சேர்ந்து அவரும் கை தட்டினார்.

டீ கொடுக்கும் இடத்தில் மகனுடைய பையைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றார். விழா நடத்தும் அம்மாள் டம்ளரை நீட்டியபடி, "ஐயா யாரு?" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் கவிஞருக்குத் தோன்றியது. தோன்றியதே கேவலம்.

"நான் இவனோட அப்பாங்கம்மா" என்று அப்பாவே முந்திக்கொண்டார்.

நீட்டிய டம்ளர் பாதியில் நின்றது. "இப்பவும் குடிக்கிறீங்களா?"

கவிஞர் வாயைத் திறந்தார். ஒரே ஒரு வார்த்தை போதும். அப்பாவின் மானம் திரும்பிவிடும், தன்னுடைய மானம் போய்விடும். வாய் திறந்தபடியே இருந்தது.

அப்பா மகனின் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளிடம், "விட்டுட்டேம்மா. ரொம்ப நாளாச்சு" என்றார்.

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த மாச விழாவுக்கு நீங்களும் வரணுங்கய்யா. குடிய எப்படி விட்டீங்கன்னு மேடையில நாலு வார்த்தை பேசணும்."

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். கவிஞருக்கு அப்பாவின் பக்கம் திரும்பவே கூசியது. பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்த அப்பாதான் ஆரம்பித்தார்.

"எனக்கு மேடையில பேசியெல்லாம் பழக்கமில்லடா. குடிய எப்படி விட்டேன்னு கேட்டா என்ன சொல்லட்டும்? நீயே எழுதிக் குடுத்துடு, மனப்பாடம் பண்ணிக்கிறேன்."