கட்டிய குழாயும் கட்டாத குழாயும்

என் வீட்டுக்காரர் தனியாகக் குளிக்க ஆரம்பித்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. மலாயாவில், சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளின் ஆண்கள் எல்லோரும் பொதுக் குழாயடியில்தான் குளிப்பார்கள். இவர் மட்டும் ஆற்றுக்குப் போவார். மாட்டு வண்டி ஓட்டுகிறவர், சாமான் ஏற்ற டவுனுக்குப் போய் வருகிறவர். போன இடத்தில் எந்தச் சீக்கை வாங்கி வந்தாரோ என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் மறித்துக் கேட்டேன். காட்டினார். இடது விதைக்கு மேலே நரம்புகள் புடைத்துச் சுருண்டு, பை கனத்துத் தொங்கியது.

"எவகிட்டயும் போகல புள்ள. ரொம்ப நேரம் நின்னா இழுத்துப் பிடிக்குது" என்றார்.

நம்பினேன். கல்யாணமாகி நாலு வருஷமாகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. லயத்தில் என்னை மலடி என்று முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். இந்த வீக்கம்தான் காரணமோ என்று தோன்றியதும் நான் அவரை விடவில்லை. ரயிலேற்றி ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், ரப்பருக்கு நல்ல விலை இருந்த காலம் அது.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வெட்டிக் கட்டினால் சரியாகும் என்று அவர் விரல் வைத்துக் காட்டிய இடம், தொடை இடுக்குக்கு மேலே அடிவயிறு. அங்கேதான் வந்தது வினை.

தோட்டத்துக் காளைகளுக்குக் காயடிப்பது என் வீட்டுக்காரர்தான். விதையில் கத்தியே வைக்க மாட்டார். மாட்டைக் கட்டிச் சாய்த்து, விதைக்கு மேலே இருக்கிற தண்டை மரக்கிட்டிக்குள் வைத்து நசுக்குவார். ரத்தம் இறங்குவது நின்றால் போதும். முதலில் வீங்கும், அப்புறம் சூம்பிவிடும். மாடும் அடங்கிவிடும்.

"வலி கீழ இருக்கு, மேல வெட்டறேங்கிறான். இந்த வேலை எனக்குத் தெரியாதா? துரைக்குக் காளை பத்தல போல, என்னைப் பூட்டப் பாக்கறானுவ" என்று என் காதில் சொன்னார். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. டாக்டரிடமே கேட்டுவிட்டேன்.

"இஞ்ச பாரும். விதை கீழ கிடந்தாலும், அதுக்கு ரத்தம் வயித்துக்குள்ள, சிறுநீரகத்துக்குக் கிட்ட இருந்துதான் இறங்கி வருது. தாய் வயித்தில பிள்ளை வளரேக்க விதை மேலதான் இருக்கும். இறங்கேக்க தன்ர குழாயையும் இழுத்துக்கொண்டு வரும்."

"அப்ப இடப்பக்கம் மட்டும் ஏன் வீங்குது?" இவர் விடவில்லை.

"வலப்பக்கத்து ரத்தம் நேரே பெரிய குழாயில போய் விழும். இடப்பக்கத்தது இன்னும் மேல ஏறி, சிறுநீரகத்துக் குழாயில சேரவேணும். ஏற ஏலாமல் தேங்கி நிக்குது. நான் கட்டுறது திரும்பிப் போற குழாயை. ரத்தம் கொண்டு வாற குழாய் துடிக்கும். துடிக்கிறதைத் தொடமாட்டன்."

"திரும்பற வழியை அடைச்சா ரத்தம் எப்படிப் போகும்?"

"வேற சின்ன வழிகள் இருக்கு."

மயக்கம் கொடுக்கக் கூடாது என்ற கண்டிஷனோடு இவர் ஒத்துக்கொண்டார். மரத்துப் போக ஊசி மட்டும் போட்டார்கள். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு இவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது: "இது துடிக்குதா? இது துடிக்குதா?" கடைசியில் டாக்டர் பொறுமை இழந்து, "துடிக்கேல்லை! வாயை மூடும்!" என்று கத்தினார்.

வீட்டுக்கு வந்தபின் வீங்கியது. "பாத்தியா, மொதல்ல வீங்கும்" என்றார். பிறகு வற்றியது. "பாத்தியா, சூம்புது" என்றார். இப்படிப் பார்க்கிற ஆளிடம் என்னத்தைச் சொல்ல?

சில மாதம் கழித்து எனக்கு நாள் தள்ளிப் போனது. நிச்சயமானதும் மாட்டுக் கொட்டகைக்கு ஓடினேன். சொன்னேன். நுகத்தடியைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

"காயடிச்ச மாட்டுக்குக் கன்னு எப்படிப் பொறக்கும்?"

எனக்கு முதலில் புரியவில்லை. "யாரு, மண்டோரா, கிராணியா?" என்று வேலை வாங்குகிறவனையும் கணக்கு எழுதுகிறவனையும் இழுத்துக் கேட்டபோதுதான் புரிந்தது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப் போய், அவர் கண்ணெதிரே உள்ளங்கையால் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணினேன். கை கொப்பளித்துவிட்டது. அவர் திரும்பிக் கொட்டகைக்கே போய்விட்டார்.

என் சத்தியத்தையும் நம்பாதவரை மறுபடி ரயிலேற்றி டாக்டரிடமே கூட்டிப் போனேன். டாக்டர் பரிசோதித்துவிட்டு, "ரெண்டும் ஒரே அளவு. ரத்தம் நல்லா ஓடுது. பிள்ளை பிறக்கவேணும் எண்டுதானே கட்டினது? இப்ப என்னத்துக்கு முழிக்கிறீர்?" என்று அதட்டினார். அவ்வளவுதான், இவர் முகம் மலர்ந்துவிட்டது. வெளியே வந்ததும் எனக்குப் பம்பளிமாஸ் வாங்கினார். திரும்பி வருகிற ரயிலில் தானே உரித்துச் சுளை சுளையாக நீட்டினார். வாங்கித் தின்றேன், பசி எனக்கு. பத்துக் கங்கு வைத்த மாதிரி எரிந்துகொண்டிருந்த உள்ளங்கையை அவர் பார்க்கவே இல்லை.

"ஏ புள்ள" என்று மெல்லக் கூப்பிட்டு என் வயிற்றில் கை வைக்க வந்தார். தட்டிவிட்டேன்.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்து தொடுங்க."