பெயரை வெட்டிய கட்டுரை

உபகாரமேரி டீச்சரின் கைப்பையில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல் இருக்கும். தையல் வேலைக்கு என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அவளுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது. அந்தக் கத்தரிக்கோல் பெயர்களை வெட்டுவதற்கு.

கள்ளக்குறிச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் அவள் புவியியல் ஆசிரியை. அது சம்பளம் வாங்கும் வேலை. சம்பளமில்லாத இன்னொரு வேலையும் அவளுக்கு இருந்தது. ‘மலையும் சமவெளியும்’ என்ற காலாண்டு ஆய்விதழுக்கு அவள்தான் ஆசிரியர். தென்னார்க்காட்டின் மேற்குப் பக்கத்து மண், மழை, பயிர், கல்வெட்டு என்று யார் உருப்படியாக ஆராய்ந்து எழுதினாலும் அந்த இதழ் போடும். சந்தாதாரர்கள் முந்நூறு பேர் இருந்தால் அதிகம். அதில் பாதிப் பேர் கட்டுரை எழுதுகிறவர்கள், மீதிப் பேர் அவர்களுடைய மச்சான்மார்கள் என்று அவள் கணவர் லாரன்ஸ் கிண்டல் செய்வார்.

ஆசிரியர் பொறுப்பு கைக்கு வந்ததும் மேரி ஒரு விதி கொண்டுவந்தாள். வருகிற கட்டுரை ஒவ்வொன்றையும் துறை தெரிந்த இரண்டு பேர் படித்து, போடலாமா வேண்டாமா என்று காரணத்தோடு எழுதித் தர வேண்டும். எழுதியவர் யார் என்று படிப்பவருக்குத் தெரியக்கூடாது. படித்தவர் யார் என்று எழுதியவருக்கும் தெரியக்கூடாது. இதற்குப் பின்னால் அவளுடைய சொந்தக் காயம் ஒன்று உண்டு. இளம் வயதில் அவள் எழுதிய கட்டுரையைப் பெரிய நகரத்து இதழ் ஒன்றுக்கு அனுப்பியிருந்தாள். திரும்பி வந்தபோது, தாள்களைச் சேர்த்துக் குத்தியிருந்த குண்டூசி அசையவே இல்லை. முகவரியைப் பார்த்தார்கள், திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கே அவள் மனதில் விழுந்துவிட்டது, படிக்கிறவன் கண்ணுக்குப் பெயரும் ஊரும் தெரியக்கூடாது என்று. அதனால்தான் கட்டுரையின் முதல் பக்கத்து மேல் ஓரத்தை நேர்க்கோடாக வெட்டிவிட்டு அனுப்புவாள்.

இதழையும் அதை நடத்தும் ஆய்வுச் சங்கத்தையும் தொடங்கி, சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர் பேராசிரியர் ஆதிமூலம். ஓய்வுபெற்றபின் ரிஷிவந்தியம் பக்கத்தில் சொந்த ஊரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிட்டுக்கொண்டு இருந்தார். கல்வராயன் மலையின் ஊற்றுகளைப் பற்றி அவர் அளவுக்குத் தெரிந்தவர் அந்தப் பக்கத்தில் கிடையாது. மேரியை ஆசிரியராக உட்காரவைத்தவரும் அவரே. அவளுடைய விதியைக் கேட்டு, “சரிதான்மா, பேர் முக்கியமில்ல, சரக்குதான் முக்கியம்” என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பாராட்டியிருந்தார்.

எண்பத்தாறாம் ஆண்டுக் கோடையில் அவரே ஒரு கட்டுரை அனுப்பினார். கோமுகி ஆற்றுக்கு நீர் தரும் மலை ஊற்றுகளைப் பற்றியது. சுத்தமாக டைப் அடித்திருந்தது. இதழ் வெளியாகும் ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஆண்டு விழாவும் இருந்தது. சங்கராபுரம் ரோட்டில் அச்சகம் வைத்திருந்த பொன்னுரங்கம் அந்தக் கட்டுரைக்காகப் பக்கங்களை ஒதுக்கிவைத்துக் காத்திருந்தார். மேரி வழக்கம்போலப் பெயரை வெட்டினாள். ஆத்தூரிலிருந்து முதல் ஆள் ‘நன்று’ என்று ஒரே சொல்லில் எழுதி அனுப்பிவிட்டார். இரண்டாவது ஆள், தியாகதுருகத்து மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் கண்ணாயிரம். ஏரி, குளம், ஊற்று என்றால் உயிரை விடுவார். அவருக்கு அனுப்ப உறையை ஒட்டிய நேரத்தில் மறியல் அறிவித்துவிட்டார்கள்.

இட ஒதுக்கீடு கேட்டு வன்னியர்கள் போராடிய வருடங்கள் அவை. அடுத்த வருடம் மறியல் ஒரு வாரம் நீண்டது. அப்போது போன உயிர்களையும் எரிந்த குடிசைகளையும் பற்றிப் பேசினால் மேரியின் குரல் தானாகத் தணிந்துவிடும். இது அதற்கு முந்தைய வருடம், ஒரே ஒரு நாள் மறியல். ஆனாலும் பஸ் இல்லை, தபால் நகரவில்லை. பொன்னுரங்கமோ மறுநாள் காலைக்குள் கட்டுரை வராவிட்டால் விழாவுக்குப் புத்தகம் வராது என்று சொல்லிவிட்டார்.

“இந்த ஒரு தடவ படிக்காமப் போட்டா இன்னா? எழுதுனது ஆதிமூலம் ஐயா” என்றார் லாரன்ஸ்.

“அதாங்க பயமா இருக்கு. அவருக்கு ஒரு நியாயம், மத்தவங்களுக்கு ஒரு நியாயம்னா நான் கத்தரிக்கோல தூக்கிப் போட்டுட வேண்டியதுதான்.”

லாரன்ஸ் சைக்கிளுக்குக் காற்றடித்தார். அவர் மிதிக்க, மேரி பின்னால் உறையை மடியில் வைத்து உட்கார, இருவரும் தியாகதுருகத்துக்குப் புறப்பட்டார்கள். வழியில் நாலைந்து இடத்தில் மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, மறுபடி ஏற வேண்டியிருந்தது. மறியல்காரர்களே ஒரு கை பிடித்துத் தூக்கிவிட்டார்கள். டீச்சர் என்று தெரிந்ததும் ஒருவர் தண்ணீர்கூடக் கொடுத்தார்.

தியாகதுருகம் நெருங்குகையில் பெரிய புளியமரம் ஒன்று சாலையை அடைத்துக் கிடந்தது. அதன்மேல் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து மேரி திகைத்தாள். அவர்தான் கண்ணாயிரம்.

“வூட்டுக்குத்தான் வந்துகினு இருந்தோம் சார்” என்றாள்.

“வூட்ல யாரு இருப்பா டீச்சர், ஊரே இங்கதான் குந்திக்கினு இருக்குது. இன்னா சமாச்சாரம்?”

உறையை நீட்டினாள். கண்ணாயிரத்தின் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து கோஷம் போட்டுத் தொண்டை கட்டியிருந்தது, இனி மாலைவரை சும்மாதான் இருக்க வேண்டும். மரக்கிளைக்கு அடியில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினார். மேரியும் லாரன்ஸும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

இரண்டு பக்கம் புரட்டியிருப்பார். பேனாவை மூடினார். மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். அவர் நெற்றி சுருங்குவதை மேரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“டீச்சர், இது திருட்டு.”

“இன்னா சார் சொல்றீங்க?”

“அப்பட்டமான திருட்டு. ஆதிமூலம் ஐயா அறுபத்தெட்டுல எழுதுன கட்டுரை இது. தலைப்ப மாத்தி, வருஷத்த மாத்தி, எவனோ தன்னோடதுன்னு அனுப்பியிருக்கான். அந்தக் கட்டுரைய நான் பைண்டு பண்ணி வச்சிருக்கேன், வரி வரியாத் தெரியும். ஐயா இன்னும் உசிரோட இருக்கும்போதே இப்படி ஒருத்தன் பண்றான்னா அவனுக்கு எவ்ளோ நெஞ்சழுத்தம் பாருங்க.”

லாரன்ஸ் வாயைத் திறந்தார். மேரி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்களுக்கு விஷயம் பரவியது. திருட்டு என்ற சொல் மட்டும்தான் அவர்களுக்குச் சரியாகக் கேட்டிருந்தது.

“யாருங்க திருடுனது? பேரச் சொல்லுங்க” என்றார் பச்சைத் துண்டு போட்ட ஒருவர். “நாங்க எங்க பங்கக் கேட்டு ரோட்ல குந்திக்கினு இருக்கோம், அவன் நோவாம அடுத்தவன் பங்க எடுத்துக்கினு போறானா?”

“பேரச் சொல்லக்கூடாதுங்க, அதான் எங்க சட்டம்” என்றாள் மேரி.

“நல்ல சட்டம் போங்க” என்று அவர் அலுத்துக்கொண்டார்.

கண்ணாயிரம் அந்தப் புளியமரத்தையே மேசையாக்கி ஒரு பக்கத்துக்குக் காரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். ‘வெளியிடக்கூடாது. பேராசிரியர் ஆதிமூலத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும்’ என்று கடைசி வரிக்கு அடிக்கோடிட்டார்.

திரும்பும் வழியில் லாரன்ஸால் சைக்கிளை நேராக ஓட்ட முடியவில்லை. சிரிப்பு வந்து வந்து சைக்கிள் ஆடியது. “அவர்கிட்ட உடனே தெரிவிக்கணுமாம் மேரி” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மேரிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் தெரிவிக்க வேண்டியவள் தான்தான் என்று நினைத்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

மறியல் முடிந்து பஸ் ஓடியதும் முதல் பஸ்ஸில் போனாள். ஆதிமூலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தில் மல்லாட்டையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“வாம்மா மேரி. புரூப் கொண்டாந்தியா?”

“இல்லீங்க ஐயா. படிச்சவரு ஒரு புகார் எழுதியிருக்காரு. உங்க பழைய கட்டுரைய யாரோ திருடி அனுப்பியிருக்காங்கன்னு.”

ஆதிமூலம் நிமிர்ந்தார். மீசை துடித்தது. “எவன் அவன்? சொல்லு. கேசு போட்டு நாற அடிச்சிடறேன்.”

மேரி மல்லாட்டையைப் பார்த்துச் சொன்னாள். “நீங்கதாங்க ஐயா.”

வீட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு பீறிட்டது. அவர் மனைவி தைலம்மாள் அடுப்படியில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“என் கட்டுரைய நான் எடுத்தா திருட்டா?” என்றார் ஆதிமூலம். “என் வூட்டு நெல்ல நான் அள்ளுனா போலீஸ் புடிக்குமா?”

“பழசுன்னு சொல்லிப் போட்டா ஒண்ணுமில்லீங்க. ‘இந்தக் கோடையில் நேரில் கண்டவை’ன்னு எழுதியிருக்கீங்களே. படிக்கிறவங்க அத நம்பித்தான படிப்பாங்க? இந்தக் கோடைல நீங்க மலைக்குப் போனீங்களா ஐயா?”

அவர் மீசையை நீவிக்கொண்டார். தைலம்மாள் வெளியே வந்து சொன்னார். “கோயில் படியே ஏறல, முட்டி வலின்னு. மலைக்கு எங்க போனாரு?”

“ஊத்து எங்கடி போயிடும்? அறுபத்தெட்டுல இருந்த எடத்துலதான இருக்கும்” என்றார் அவர். பிறகு மேரியின் பக்கம் திரும்பினார். “இது நான் ஆரம்பிச்ச பத்திரிகை. நான் சொன்னா நீ போடணும்.”

“அச்சகத்துக்கு நீங்களே சொல்லுங்க ஐயா, போட்டுடுவாங்க. அதுல ஆசிரியர்னு என் பேரு மட்டும் வேணாம்.”

அவரிடம் அப்படி அவள் பேசியது அதுவே முதல் தடவை. அவள் பார்த்துப் பயந்து, பார்த்து வளர்ந்த மனிதர் அவர். ஆதிமூலம் முதுகைக் காட்டிக்கொண்டு மறுபடி மல்லாட்டையைக் கிளறத் தொடங்கிவிட்டார். தைலம்மாள்தான் ஒரு பை மல்லாட்டையை அவள் கையில் திணித்து பஸ் ஏற்றிவிட்டார்.

இதழ் மெலிந்து வந்தது. ஆண்டு விழாவுக்குத் தலைவர் வரவில்லை. மேரி ராஜினாமாக் கடிதத்தை எழுதி வைத்துவிட்டு, அதில் ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காலையில் வாசலில் குடையும் கான்வாஸ் ஷூவுமாக ஆதிமூலம் நின்றார். பின்னால் தைலம்மாள், கையில் தைலப் பாட்டிலும் கட்டுச்சோறும்.

“வெள்ளிமலைக்குப் போறோம். ஊத்து இருக்குதா இல்லியான்னு நீயே வந்து பாரு” என்றார். குரலில் கோபம் மிச்சமிருந்தது, கண்ணில் இல்லை.

கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலையில் அவர்கள் நாலு நாள் தங்கினார்கள். ஆதிமூலம் வற்றவே வற்றாது என்று எழுதியிருந்த முதல் ஊற்றுக்குப் போனபோது அங்கே மரவள்ளி நட்டிருந்தார்கள். அந்த மரவள்ளிக் கொல்லைக்குச் சொந்தக்காரப் பெண், “இங்க ஏதுங்க தண்ணி, எங்க மாமியா காலத்துல இருந்துச்சாம்” என்றாள். ஆதிமூலம் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்தார். காய்ந்து உதிர்ந்தது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் மனம் உடைந்துவிட்டதோ என்று மேரி பயந்தாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தபோது முகத்தில் இருபது வயது குறைந்திருந்தது. “மேரி, ஊத்து எடம் மாறியிருக்கும்மா. இல்ல செத்திருக்கு. ரெண்டுல எதுன்னு பாத்தாவணும். எந்திரி, எந்திரி.”

அதன்பிறகு முட்டி வலியைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர் முன்னால் போக, தைலம்மாள் தைலப் பாட்டிலோடு திட்டிக்கொண்டே பின்னால் போனார். சில ஊற்றுகள் செத்திருந்தன, சில மெலிந்திருந்தன. காடு நின்ற சரிவு ஒன்றில் மட்டும், அவர் அன்றைக்குக் கவனிக்காமல் விட்ட ஊற்று ஒன்று பாறைக்கடியில் சளசளத்துக்கொண்டிருந்தது. அதில் முகம் கழுவிக்கொண்டு, “அறுபத்தெட்டுல இந்தப் பக்கம் வரவே இல்ல. சோம்பேறித்தனம்” என்றார்.

புதுக் கட்டுரை வந்தது. மேரி பெயரை வெட்டிக் கண்ணாயிரத்துக்கே அனுப்பினாள். அவர் பதில் எழுதினார்: ‘துணிச்சலான கட்டுரை. பேராசிரியர் ஆதிமூலத்தின் முடிவுகளைத் தக்க ஆதாரத்தோடு மறுக்கிறது. அவசியம் வெளியிடலாம். ஒரே ஒரு குறை. பெரியவரைப் பற்றி எழுதும்போது இவருக்கு மரியாதை போதவில்லை. “கவனமின்றி எழுதப்பட்ட முடிவு” என்ற சொற்களை நீக்க வேண்டும்.’

அதைப் படித்துவிட்டு ஆதிமூலம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “அத மட்டும் எடுக்க மாட்டேம்மா. அறுபத்தெட்டுல எழுதுன அந்தாள எனக்கு நல்லாத் தெரியும். கவனமில்லாதவன்தான்.”

இதழ் வெளியான அன்று மாலை கண்ணாயிரம் கள்ளக்குறிச்சிக்கு ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. முன்பு வந்த கட்டுரையிலும் இதிலும் ஒரே டைப் எழுத்து; இதழில் ஆதிமூலத்தின் பெயரைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “டீச்சர், நான் யாரப் போயி திருடன்னு எழுதிக் குடுத்தேன்? நேராப் போயி கால்ல விழுந்துடறேன்.”

“வேணாம் சார். படிச்சது யாருன்னு அவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. நீங்க எழுதுனது சரிதான், அதுக்கு எதுக்கு மன்னிப்பு?” என்றாள் மேரி.

ஓய்வுபெற்ற பிறகும் பல வருடம் அந்த இதழை அவள் நடத்தினாள். தலைவருடைய கட்டுரையையே திருப்பி அனுப்பிய டீச்சர் என்று பெயர் பரவியதில், தங்கள் கட்டுரையைப் படிக்காமல் தூக்கிப்போட மாட்டார்கள் என்று நம்பி எங்கெங்கோ இருந்து ஆட்கள் எழுதினார்கள். சந்தாக் கணக்கில் மச்சான்மார்கள் குறைந்துவிட்டார்கள் என்று லாரன்ஸ் பெருமையாகக் குறைப்பட்டுக்கொண்டார்.

அந்தக் கட்டுரை வெளியானதற்கு அடுத்து வந்த ஆண்டு விழாவில் ஆதிமூலம் முதல் வரிசையில் கண்ணாயிரத்தின் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். போண்டாவும் காப்பியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“கேளுங்க சார்” என்று கண்ணாயிரத்தின் தொடையில் தட்டினார் ஆதிமூலம். “என் கட்டுரைய எவனோ ஒருத்தன் படிச்சான். என்னப் பத்தி நான் எழுதும்போது மரியாதையா எழுதணுமாம். யாருன்னு தெரியல, தெரிஞ்சா ஒரு விருந்து போடுவேன். உங்களுக்கு யாராயிருக்கும்னு தோணுது?”

கண்ணாயிரத்துக்குப் போண்டா தொண்டையில் சிக்கிப் புரையேறியது. மேரி எழுந்து வந்து அவர் முதுகில் தட்டிக்கொடுத்தபடி, “காப்பியக் குடிங்க சார், காப்பியக் குடிங்க” என்றாள்.