முதல் நாள், இரண்டாம் தரம்

காலை ஏழு பத்துக்குச் சிவானுஜா கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிப் பார்க்கிறாள். பிறகு வெளியே வந்து கைப்பிடியைப் பற்றி இழுத்துப் பார்க்கிறாள். சுவிஸில் ஆராவ் நகரத்திலுள்ள அந்தத் தாதியர் கல்லூரியின் முன்கதவு தள்ளினால்தான் திறக்கும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். என்றாலும் புதிதாக வருகிற ஒருவர் நிற்கப்போகும் இடத்தில் நின்று, அவர் செய்யப்போகும் பிழையைத் தானும் ஒரு தரம் செய்து பார்த்தால்தான் அவளுக்கு மனம் ஆறும். செய்து பார்த்தாயிற்று. 'தள்ளவும்' என்று ஜெர்மனில் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டுகிறாள். பக்கத்தில் ஒரு சிரித்த முகத்தையும் வரைகிறாள். அவள் வரையும் முகங்களுக்கு எப்போதும் ஒரு கண் பெரிதாகவும் மற்றது சின்னதாகவும் வந்துவிடும்.

அடுத்து, வழிகாட்டும் அம்புக்குறிகள். மற்றவர்கள் சுவரில் தலை உயரத்துக்கு ஒட்டுவார்கள். சிவானுஜா குந்தியிருந்து, முழங்கால் உயரத்துக்கு ஒட்டுகிறாள். அவளோடு வரவேற்பு வேலைக்கு வந்திருக்கும் ஜெரோசன் அதைப் பார்த்துவிட்டு நிற்கிறான்.

"என்ன, இந்த வருஷம் நாய்க்குட்டியளும் படிக்க வருகுதோ?"

"நீ முதல் நாள் எங்க பாத்து நடந்தனீ?"

"எனக்கு ஞாபகமில்லை."

"எனக்கு ஞாபகமிருக்கு. நிலத்தைப் பாத்துத்தான் நடந்தனீ. என்ர சப்பாத்தை மிதிச்சனீ."

ஜெரோசன் தானும் குந்தியிருந்து ஒட்டத் தொடங்குகிறான். இரண்டு வருடங்களுக்கு முன் அவர்கள் இருவரும் ஒரே நாளில் இந்தக் கதவால் உள்ளே வந்தவர்கள்.

அவளுக்கு இருபத்துமூன்று வயது. உயரம் குறைவு, நடை வேகம். மின்தூக்கியில் ஏறமாட்டாள், அது வந்து சேர்வதற்குள் தான் மேலே போய்விடலாம் என்பாள். உதவியாளர்களுக்குக் கொடுத்த மஞ்சள் ரீசேட் அவளுக்குத் தொளதொளவென்று கிடக்கிறது. இடுப்பில் ஒரு சின்னப் பை. அதற்குள் பிளாஸ்டர், ஊசி, இரண்டு வகைக் கைப்பேசிக்கும் சார்ஜ் வயர், புதினா இனிப்பு. யாராவது ஓர் அறைக்கு வழி கேட்டால் கையை நீட்டி "அந்தப் பக்கம்" என்று சொல்லும் பழக்கமே அவளிடம் கிடையாது. கேட்டவரோடு கூடவே நடந்து, அறையின் வாசலில் விட்டுவிட்டுத்தான் திரும்புவாள். போகும் வழியில் எந்தக் கோப்பி இயந்திரம் காசை விழுங்கும், எந்தக் கழிப்பறையில் எப்போதும் ஆள் இருக்காது என்பதையும் சொல்லிவிடுவாள்.

இந்த வரவேற்கும் கலையை அவள் கல்லூரியில் பழகவில்லை. தன் ஊரான ஊஸ்டரில், தமிழர் யாரும் எட்டிப்பார்க்காத ஒரு வெதுப்பகத்தின் விற்பனை மேசைக்குப் பின்னால் நின்று பழகினாள். போன ஒரு வருடமும் விடிவதற்கு முன் எழும்பி அங்கே போய்ப் பாண் விற்றாள். முதலாம் வருட முடிவில் உடற்கூற்றியல் பரீட்சையில் இரண்டு தரம் தவறினால் வருடத்தைத் தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்பது கல்லூரி விதி. இரண்டாவது முடிவு வந்த அன்றே அவள் புத்தகங்களை அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். "எலும்பு எல்லாத்தின்ர பேரும் தெரியும். பேப்பரைக் கண்டோடனை ஒண்டும் வரேல்லை" என்று அம்மாவிடம் சொன்னாள். அதற்குமேல் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. பாண் வாங்க வந்த யாரும் அவளிடம் எத்தனையாம் வருடம் என்று கேட்கவில்லை. அது அவளுக்கு நல்ல ஆறுதலாக இருந்தது.

வைகாசியில் கல்லூரிக்குத் திரும்பி வருவதாக எழுதினாள். அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். கூடவே அலுவலகத்திலிருந்து ஒரு கேள்வியும் வந்தது: 'உங்களுக்கு இந்தக் கட்டடம் பழக்கம்தானே, புதியவர்களை வரவேற்க உதவுவீர்களா?' தானும் அந்தப் புதியவர்களின் வகுப்பில்தான் இருக்கப்போகிறோம் என்பதை யோசிப்பதற்குள் அவள் ஓம் என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

இன்று ரயில் ஏறும்போது அம்மா செல்வராணி சொன்னது ஒன்றுதான். "எங்கட சனம் ஆரும் கண்டு கேட்டால், ஓம் ஓம் எண்டு சொல்லிப்போட்டு வா. விளக்கம் குடுத்துக்கொண்டு நிக்காதை." அம்மா ஊஸ்டர்த் தமிழர் எல்லோருக்கும் மகள் தொடர்ந்து படிப்பதாகவே சொல்லி வைத்திருக்கிறார்.

எட்டரை மணியிலிருந்து பிள்ளைகள் வரத் தொடங்குகிறார்கள். எல்லோரும் தனியாக, முதுகில் ஒரு பையோடு. கதவை இழுக்கிறார்கள், எழுத்தைப் பார்க்கிறார்கள், தள்ளுகிறார்கள். சிவானுஜா ஒவ்வொருவருக்கும் கைகொடுத்துப் பெயரைக் கேட்கிறாள். கேட்ட பெயரை அப்போதே ஒரு தரம் திருப்பிச் சொல்கிறாள்.

ஒன்பதுக்குப் பத்து இருக்கும்போது வாசலில் ஒரு குடும்பம் தெரிகிறது. கோட்டுப் போட்டு ரை கட்டிய தகப்பன். சேலை உடுத்த தாய். இருவருக்கும் நடுவில், நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்ற முகத்தோடு ஒரு பெண் பிள்ளை. தகப்பனின் கையில் வெள்ளித்தாளால் மூடிய பெரிய தட்டு.

சிவானுஜாவுக்கு அவர்களைத் தெரியும். ஊஸ்டரில் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்கு அவள் போன காலத்திலிருந்தே தெரியும். றொபின்சன் மாமா, இமெல்டா அன்ரி, அவர்களின் மகள் எலேனா.

"அம்மா, சொன்னனான்தானே. பாருங்கோ, ஒருத்தரும் தாய் தேப்பனோட வரேல்லை" என்று எலேனா பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறாள்.

"கடிதத்திலை அபெரோ எண்டு போட்டிருந்ததெல்லே?" இமெல்டா விடுவதாக இல்லை. "சாப்பாடு எண்டு போட்டால் வெறுங்கையோட வாறதோ? நூற்றிருபது ரோல்ஸ். மூண்டு மணிக்கு எழும்பிப் பொரிச்சனான்."

அபெரோ என்றால் இங்கே ஒரு கிண்ணம் குடிபானம், நாலு துண்டு சீஸ், நின்றபடி கொஞ்சக் கதை. அதையும் கல்லூரிதான் வைக்கும். சிவானுஜா அதை விளக்கப் போகவில்லை. தட்டை இரண்டு கையாலும் வாங்கி, வெள்ளித்தாளைக் கொஞ்சம் தூக்கி மணந்து பார்க்கிறாள். "மாட்டிறைச்சியோ அன்ரி?"

"மரக்கறி அரைவாசி. அடையாளத்துக்கு முனையிலை கறிவேப்பிலை குத்தியிருக்கு." இமெல்டா அப்போதுதான் அவளை வடிவாகப் பார்க்கிறார். "செல்வராணியின்ர மகளெல்லே நீர்? மஞ்சள் சட்டையோட பெரிய ஆளாய் நிக்கிறீர்! இது கடைசி வருஷமெல்லே?"

கையில் நூற்றிருபது ரோல்ஸ். பின்னால் ஜெரோசன். முன்னால் எலேனா, நிமிர்ந்து அவளையே பார்த்தபடி.

"ஓம் அன்ரி."

"நல்லது, நல்லது. எங்கட பிள்ளையையும் ஒருக்கா பாத்துக்கொள்ளும்."

தட்டு பாரமாக இருக்கிறது. அவள் அதை மண்டபத்து மேசைக்குக் கொண்டுபோய்ச் சீஸுக்கும் திராட்சைக்கும் நடுவில் இடம் பண்ணி வைக்கிறாள். பிறகு காலை முழுவதும் நூலகம், செய்முறை அறை, படுக்கையில் கிடக்கும் இறப்பர் நோயாளி என்று இருபத்தாறு பேரையும் கூட்டிக்கொண்டு திரிகிறாள். எலேனா அவளுக்கு இரண்டடி பின்னாலேயே வருகிறாள். "அக்கா, அனாட்டமி கஷ்டமோ? நீங்கள் எப்பிடிப் பாஸ் பண்ணினனீங்கள்?" என்று ஒரு தரம் கேட்கிறாள். சிவானுஜா, "இதிலை படி இருக்கு, கவனம்" என்கிறாள். அங்கே படி இல்லை.

பதினொன்றரைக்கு அபெரோ. ரோல்ஸ் எல்லாம் பத்தே நிமிடத்தில் தீர்ந்துபோகின்றன. வெறும் தட்டைச் சுற்றி நின்று, உள்ளே என்ன இருந்தது என்று ஆசிரியர்கள் இமெல்டாவிடம் கேட்கிறார்கள். அவர் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கையால் உருட்டிக் காட்டி விளங்கப்படுத்துகிறார். றொபின்சன் சிவானுஜாவின் காதருகே குனிந்து, "சீஸிலை ஒருத்தரும் கைவைக்கேல்லை, பாவம்" என்கிறார். எலேனா இன்றைக்கு முதல் தரம் சிரிக்கிறாள். பன்னிரண்டரைக்குத் தாயும் தகப்பனும் மகளை இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டுப் போகிறார்கள்.

ஜெரோசன் கதிரைகளை அடுக்கிக்கொண்டே கேட்கிறான். "கடைசி வருஷமெண்டால் வாவன், எங்களோட மேல வந்து இரு."

"பகிடி விடாதை."

"பகிடி இல்லை. அந்தப் பிள்ளை உன்ர வகுப்பு. ஒண்டரைக்கு வகுப்புத் தொடங்கேக்கை என்ன செய்யப்போறாய்?"

"தெரியாது."

"என்னத்துக்கு ஓம் எண்டனீ?"

அவள் ஒரு கதிரையை மடக்குகிறாள். அது மடங்க மறுக்கிறது. "அன்ரி மூண்டு மணிக்கு எழும்பின முகத்தோட நிண்டவ. அந்த நேரம் நான் என்ர கதையைச் சொல்லுறதோ?" என்கிறாள். கொஞ்சம் பொறுத்து, "அதுவுமில்லை. எனக்கு வாய் வரேல்லை" என்கிறாள்.

ஜெரோசன் கதிரையை வாங்கி ஒரே அடியில் மடக்கிவிடுகிறான். "எங்களுக்கெல்லாம் நீ இல்லாமல் போன வருஷம் விசரா இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போகிறான். மூன்றாம் வருடத்தின் வகுப்பு மேல்மாடியில்.

ஒன்றேகாலுக்கு முதலாம் வருட அறையின் வாசலில் சிவானுஜா நிற்கிறாள். தடுமாறி வந்த மூன்று பேரை உள்ளே அனுப்புகிறாள். நாலாவதாக அனுப்ப ஆள் இல்லை. நடைபாதை வெறிச்சென்று இருக்கிறது. இப்போது திரும்பிப் போனால் வரவேற்பு வேலை முடிந்துபோன ஓர் உதவியாளர் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அலுவலகத்தில் ஏதாவது காரணம் சொல்லி வேறு வகுப்புக்கு மாறலாம், மாறவும் விடுவார்கள். மாலையில் அம்மாவிடம், ஒருவருக்கும் தெரியாது என்று சொல்லலாம்.

உள்ளே போகிறாள். எலேனாவுக்குப் பக்கத்துக் கதிரை மட்டும் வெறுமையாக இருக்கிறது. அதில் இருக்கிறாள்.

"அக்கா, நீங்கள் போகேல்லையோ?" என்று எலேனா குசுகுசுக்கிறாள். "வகுப்புத் தொடங்கப்போகுது."

"தெரியும்."

"எனக்காண்டி இருக்கிறீங்களோ? அம்மா சொன்னதுக்காண்டியோ? எனக்கு இப்ப பயமில்லை, அக்கா. உண்மையா."

சிவானுஜா வாய் திறப்பதற்குள் ஆசிரியை உள்ளே வந்து கதவைச் சாத்துகிறார். நரைத்த தலைமுடி, கழுத்தில் கண்ணாடி, அவசரமில்லாத குரல். சிவானுஜாவை அவருக்குத் தெரியும். ஆனால் அவர் பார்வை அவளில் ஒரு விநாடிகூட அதிகமாக நிற்கவில்லை. முதலில் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்வோம் என்கிறார். உங்கள் பெயர், எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், இங்கே வருவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். இந்த மூன்றையும் சொன்னால் போதும்.

"யார் தொடங்குகிறீர்கள்?"

ஒருவர் பேனாவைத் திறந்து மூடுகிறார். எலேனா தண்ணீர்ப் போத்தலின் லேபலை உரிக்கிறாள்.

சிவானுஜாவின் வலது கை மேசையிலிருந்து மெல்ல எழும்புகிறது. முழங்கை இன்னும் பலகையில் ஊன்றியபடி இருக்க, விரல்கள் காது உயரத்தில் ஒரு கணம் நிற்கின்றன. பிறகு முழங்கையும் பலகையை விட்டு எழ, அவள் கையை நேராக, முழு நீளத்துக்கும் உயர்த்துகிறாள்.