ஒன்பதாவது மாடிக்கு வந்த வெள்ளம்

போன வருஷம் சிங்கப்பூர் தோ பாயோவில் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடி வீட்டுக்கு நான் குடிபோனபோது, ரோச்சோர் கால்வாய் ஓரம் குடியிருக்கும் என் அண்ணன் சிரித்தார்.

“ஏண்டா, மழைக்குப் பயந்து புறாக்கூண்டுக்குப் போறியா?”

டிசம்பர் மழை விட்டபாடில்லை. இன்று காலை கால்வாய் நிரம்பித் தெருவுக்கு வந்துவிட்டதாம்.

மத்தியானம் கதவைத் திறந்தேன். முழங்கால்வரை சேற்றோடு அண்ணன். பின்னால் அண்ணி, டிவி பெட்டி, கூடையில் இரண்டு கோழிகள்.

“தண்ணி வடியிற வரைக்கும்தான் லா.”

குளித்தார். என் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் நாற்காலியில் சாய்ந்தபடி ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்தார். முகத்தில் கவலை.

“ஒன்பதுதானா? இன்னும் ரெண்டு மாடி மேல எடுத்திருக்கலாமேடா!”

மேல்மாடி நண்பர்களே, உங்கள் வீட்டில் இன்று எத்தனை அண்ணன்கள்?