வானொலியில் லூர்துமேரி சொன்னது

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் மெஸ் ஒன்றில் லூர்துமேரி சமையல் வேலை செய்கிறாள். குழம்பும் பொரியலும் அவள் பொறுப்பு. சாப்பிட வருகிறவர்களில் பாதிக்கு மேல் லாரி டிரைவர்கள். மகன் செத்ததிலிருந்து அவள் சமையற்கட்டை விட்டு வெளியே வந்து யாருக்கும் பரிமாறுவதில்லை. முதலாளியும் அவளைக் கூப்பிடுவதில்லை.

மகன் பெயர் அருள்குமார். ஓமலூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீசியன். ஒருநாள் காலையில் வேலைக்குப் போகும்போது, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் கம்பி ஏற்றிய லாரி ஒன்று நிற்காமல் இறங்கி, முன்னால் போன வண்டிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு போனது. கார்களில் இருந்தவர்கள் காயத்தோடு பிழைத்தார்கள். பைக்கில் போன அருள்குமார் பிழைக்கவில்லை. அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது.

ஆஸ்பத்திரி வாசலில் நின்ற கூட்டத்தில் யாரோ, "டிரைவரு நல்ல போதையாம்" என்றார்கள். சொன்னது ஆணா பெண்ணா என்றுகூட லூர்துமேரிக்கு நினைவில்லை. ஆனால் மற்றதெல்லாம் மங்கிப்போன பிறகும் அந்த வார்த்தை மட்டும் அவளிடம் தங்கிவிட்டது.

புருஷன் சவரியப்பன் கட்டட வேலைக்குப் போகிறவர். மகனைப் புதைத்துவிட்டு வந்த பிறகு அவர் அவனைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவள் பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். கோயிலில் அவனுக்காக வைக்கும் மாதாந்திரப் பூசைக்கு மட்டும் கூட வருவார், கடைசி வரிசையில் நிற்பார், முடிந்ததும் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒருத்தி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும். அவளும் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொண்டாள்.

அந்த நிலையில்தான் மதியழகன் வந்தான். கணவாய் வானொலி என்று தர்மபுரியில் ஒரு அறக்கட்டளை நடத்துகிற சின்ன நிலையம் இருக்கிறது. அதில் அவன் நிகழ்ச்சிப் பொறுப்பாளன். மாதத்துக்கு ஒரு ஊரில் 'ஊரோடு பேச்சு' என்று கூட்டம் போடுவார்கள். முதலில் பம்பையோ கூத்தோ நடக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடுவார்கள். கூட்டம் சேர்ந்ததும் ஊர்க்காரர்கள் கையில் மைக்கைக் கொடுத்துவிடுவார்கள். குடிதண்ணீர், மாங்காய் விலை, பஸ் வராதது என்று அந்த மாதத்துக்கு ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அது ஒலிபரப்பாகும். டீக்கடைகளிலும் மினி பஸ்களிலும் ஓடும். வேலை செய்துகொண்டே போனில் போட்டுக் கேட்கிறவர்களும் உண்டு.

சாலை விபத்து பற்றிய கூட்டத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தபோது யாரோ லூர்துமேரியைக் காட்டினார்கள்.

"உங்களுக்கு விருப்பம் இருந்தா மட்டும் வாங்கக்கா. ரெண்டு வார்த்த பேசினா போதும். அழுகை வந்தா நிறுத்திக்கலாம்" என்றான் மதியழகன்.

அவள் சரி என்றாள். ஏன் சரி என்றாள் என்று பிறகு பலரும் கேட்டார்கள். நான் பேசுவதைக் கேட்க ஆள் இருக்கிறதே, அதுதான் என்று பதில் சொன்னாள்.

முதல் கூட்டத்தில் அவள் சொன்னது கொஞ்சம்தான். அன்றைக்கு அருள்குமார் சாப்பிடாமல் போனான், மதியத்துக்குக் கட்டிக்கொடுத்த டப்பா நசுங்கித் திரும்பி வந்தது, அவ்வளவு. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். வீட்டுக்குப் போய் லூர்துமேரி பல மாதங்களுக்குப் பிறகு விடியும்வரை தூங்கினாள்.

அடுத்த மாதமும் கூப்பிட்டார்கள். அதற்கடுத்தும். பாலக்கோடு, பென்னாகரம், பாப்பாரப்பட்டி என்று வேனில் போய்வந்தாள். எந்தக் கூட்டமானாலும் அவளுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கினார்கள். பேசப் பேசப் பேச்சு கோர்வையாக வந்தது. இரண்டாவது கூட்டத்திலோ மூன்றாவதிலோ, "குடிச்சிட்டு வந்தவன் எம்புள்ளைய நசுக்கிட்டுப் போயிட்டான்" என்றாள். மைதானமே அடங்கிப் போனது. அந்த அமைதி அவளுக்குப் பிடித்திருந்தது. அதன் பிறகு அதைச் சொல்லாமல் அவள் இறங்கியதில்லை. மதியழகனும், "அந்த எடத்துல கொஞ்சம் நிறுத்திட்டு அப்பறம் பேசுங்கக்கா" என்று சொல்லிக்கொடுத்தான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த ஒரு வரியைக் கேட்டு ரெண்டு பேராவது குடித்துவிட்டு வண்டி எடுக்காமல் இருந்தால் போதும் என்பது அவன் எண்ணம்.

பிறகு அந்த வரியை மட்டும் வெட்டி எடுத்து, நிகழ்ச்சி விளம்பரமாகத் தினமும் போட ஆரம்பித்தார்கள். மெஸ்ஸில் அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருக்கும்போது வெளியில் அவள் குரலே கேட்கும். சவரியப்பன் வீட்டில் இருந்தால் எழுந்து போய் ரேடியோவை அணைப்பார். "புள்ளைய வச்சிப் பேசறது புடிக்கலன்னா நேரா சொல்லுங்களேன்" என்று அவள் கேட்டிருக்கிறாள். அவர் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

இண்டூர்க் கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்காலம் நடந்தது. தப்பாட்டம் முடிந்து, லூர்துமேரி பேசி முடித்தாள். கை தட்டினார்கள். யாராவது கேட்க நினைத்தால் கேட்கலாம் என்று மதியழகன் மைக்கைக் கூட்டத்துக்குள் அனுப்பினான். பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து அதை வாங்கினாள். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"எம்பேரு பூவிழிங்க. அந்த லாரிய ஓட்டுனது எங்க வூட்டுக்காரரு, மாதேஸ்வரன். அவரு குடிக்கலீங்க. அன்னிக்கே ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, ஒண்ணும் இல்லைன்னு எழுதியே குடுத்திட்டாங்க. பிரேக் சரியில்லைன்னு ஓனர்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்காரு. லோடு எறக்கிட்டு வா, பாத்துக்கலாம்னு அனுப்பிச்சாங்க."

கூட்டம் சலசலத்தது. அவள் விடவில்லை. லூர்துமேரியைப் பார்த்தே பேசினாள்.

"உங்க புள்ள போனது போனதுதாங்க. அதுக்கு நாங்க என்ன சொன்னாலும் பத்தாது. ஆனா இல்லாதத எதுக்குங்க தெனமும் சொல்றீங்க? எங்க பொண்ணு ஸ்கூலுக்குப் போனா, உங்க கொரல போன்ல வச்சிக் காட்டி, குடிகாரன் பொண்ணுங்கறாங்க. அவ இப்ப ஸ்கூலுக்கே போக மாட்டேங்கறா."

"ஒக்காரும்மா, ஆள கொன்னுட்டு நாயம் வேற" என்று ஒருவர் சத்தம் போட்டார். மதியழகன் வேகமாக இறங்கி வந்து மைக்கை வாங்கினான். "வழக்கு கோர்ட்டுல இருக்குதுங்க, இங்க பேச வேண்டாம், உங்க வருத்தம் புரியுது" என்று சமாதானமாகச் சொல்லிவிட்டுத் தப்பாட்டக்காரர்களுக்குக் கை காட்டினான். அடி கிளம்பியதும் பூவிழி மைதானத்தைத் தாண்டிப் போவதை லூர்துமேரி மேடையிலிருந்து பார்த்தாள். மைக் அவள் முன்னால்தான் இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததைப் புருஷனிடம் சொன்னாள். "பொய் சொல்றாளா அவ?" என்று கேட்டாள்.

சவரியப்பன் தலையைக் குனிந்துகொண்டே, "பொய் இல்ல" என்றார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"வாய்தாவுக்கெல்லாம் நான் போய்க்கிட்டுதான இருக்கறன். டாக்டரம்மா வந்து சாட்சி சொன்னப்ப அங்கதான் ஒக்காந்திருந்தன். குடிக்கலன்னுதான் சொன்னாங்க."

வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் கோர்ட்டுக்குப் போய் வந்திருக்கிறார். அது இத்தனை நாள் அவளுக்குத் தெரியாது.

"தெரிஞ்சும் எங்கிட்ட சொல்லலியே. ஊரு ஊரா போயி நான் பேசறேன், கேட்டுக்கிட்டு இருந்தீங்களே."

"கூட்டத்துல பேசிட்டு வந்தா ரெண்டு நாளு தூங்கற. மத்த நாள்ல செவுத்தையே பாத்துட்டுக் கெடக்கற. அதையும் நான் எப்பிடிக் கெடுக்கறது?" என்றார். பிறகு, "எனக்கும் அந்த டிரைவரு குடிச்சிருந்தான்னா நல்லாதான் இருந்திருக்கும்" என்றார்.

அவள் அழவில்லை. மேடையில் தான் நிறுத்திப் பேசின இடங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. உடம்பு கூசியது.

மறுநாள் நிலையத்துக்குப் போனாள். மதியழகன் எழுந்து நாற்காலி போட்டான். விளம்பரத்தை நிறுத்தச் சொன்னதும் உடனே சரி என்றான். ஆனால் தான் சொன்னது தப்பு என்று ரேடியோவில் சொல்ல வேண்டும் என்றதற்குத் தயங்கினான்.

"கமிட்டியில கேக்கணும்க்கா. வழக்கு நடக்கறப்ப நாம எதாவது சொல்லி, நாளைக்கு நோட்டீஸ் வந்துச்சுன்னா நிலையமே தாங்காது."

"குடிச்சான்னு சொன்னப்பவும் வழக்கு நடந்துட்டுதான இருந்துச்சு தம்பி?"

"பாக்கறன்க்கா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை இண்டூர் நிகழ்ச்சி ஒலிபரப்பானது. மெஸ்ஸில் இலைகளைத் துடைத்துக்கொண்டே லூர்துமேரி கேட்டாள். அவள் பேச்சு வந்தது, குடித்துவிட்டு வந்தவன் என்ற வரியோடு. கைத்தட்டல் வந்தது. உடனே தப்பாட்டம். நடுவில் பூவிழி என்று ஒருத்தி எழுந்து நின்றதாகவே இல்லை. லூர்துமேரி கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டு, முதலாளியிடம் சொல்லிக்கொண்டு, இண்டூருக்கு பஸ் ஏறினாள்.

மாதேஸ்வரன் வீட்டை விசாரித்துக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. குடிகார டிரைவர் வீடா என்று கேட்டுத்தான் வழி காட்டினார்கள். பூவிழி வாசலில் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வந்தது யார் என்று தெரிந்ததும் எழுந்து வாசற்படியில் நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை. வீட்டுக்குள் ஒரு ஆள் எழுந்து பின்பக்கமாகப் போவது தெரிந்தது.

"எனக்கு நெசமாவே தெரியாதும்மா. யாரோ சொன்னாங்க, அதையே சொல்லிட்டன்" என்றாள் லூர்துமேரி.

"இப்ப தெரிஞ்சிடுச்சிங்களா?"

"தெரிஞ்சிடுச்சி. அதான் உங்கிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தன்."

"எங்கிட்ட சொல்லி என்னங்க ஆகும்? எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே." பூவிழி குனிந்து சோளத்தைக் கிளற ஆரம்பித்தாள். "மைக்குல சொன்னீங்க. சொல்றதா இருந்தா மைக்குல சொல்லுங்க."

தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தன்னால் குடித்திருக்க முடியாது என்று லூர்துமேரி பின்னால் சொன்னாள்.

அடுத்த கூட்டம் தொப்பூரில், ஒரு கல்யாண மண்டபத்தில். அதிகாரிகள் சிலரும் வந்திருந்தார்கள். தன்னைக் கூப்பிட மாட்டார்களோ என்று அவள் பயந்தாள். மதியழகன் கூப்பிட்டான். அவள் என்ன பேசப் போகிறாள் என்று அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. மேடை ஏறும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் மைக்கை உயரம் சரிபண்ணிக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

"எம்புள்ள இந்த எறக்கத்துலதான் செத்தான். அத எல்லா ஊர்லயும் சொல்லியிருக்கறன். லாரிய ஓட்டுனவரு குடிச்சிருந்தாருன்னும் சொன்னன். அது நெசம் இல்லீங்க. அவரு குடிக்கல. டாக்டரு கோர்ட்டுல சொல்லியிருக்காங்க. எனக்குத் தெரியாம சொன்னன். ஆனா கேட்டுத் தெரிஞ்சிக்காமயும் சொன்னன். பிரேக் இல்லாத வண்டியக் குடுத்து அனுப்பினாங்கன்னு அவங்க வூட்டுல சொல்றாங்க. அத யாரும் இதுவரைக்கும் கேக்கல, நானும் கேக்கல."

வேறு எதுவும் சொல்லாமல் இறங்கினாள். கைத்தட்டல் இல்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவர் காதில் ஏதோ சொன்னார். மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது, எப்போதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழும் பெண்கள் விலகி வழிவிட்டார்கள்.

மதியழகன் அதை வெட்டாமல் ஒலிபரப்பினான். கமிட்டியைக் கேட்கவில்லை. அதற்காக அவனைக் கூட்டங்களிலிருந்து எடுத்துவிட்டு நிலையத்துக்குள்ளேயே பாட்டுப் போடும் வேலையில் வைத்தார்கள். 'ஊரோடு பேச்சு' இப்போது வேறொருவர் நடத்துகிறார். மைக் கூட்டத்துக்குள் போவதில்லை. கேள்விகளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்கிறார்கள். லூர்துமேரியை அதன் பிறகு எந்த ஊருக்கும் யாரும் கூப்பிடவில்லை. அவள் லாரிக்காரர்கள் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று அதியமான்கோட்டையிலேயே பேச்சு இருந்தது. மெஸ்ஸுக்கு வருகிறவர்களில் சிலர் சமையற்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பூவிழியின் மகள் திரும்பவும் பள்ளிக்கூடத்துக்குப் போனாளா என்று இண்டூர் பக்கம் போகிறவர்களிடம் அவள் விசாரிப்பாள். ஒருவர் போகிறாள் என்றார். இன்னொருவர் இல்லை, ஓசூரில் சித்தி வீட்டில் விட்டிருக்கிறார்கள் என்றார்.

அடுத்த வாய்தாவுக்கு அவள் சவரியப்பனோடு தர்மபுரி கோர்ட்டுக்குப் போனாள். வராந்தாவின் அந்தக் கோடியில் மாதேஸ்வரன் நின்றிருந்தான். அவள் நினைத்து வைத்திருந்த ஆள் இல்லை அது. ஒல்லியாக, முன்தலை நரைத்து, தோளில் துண்டைப் போடாமல் கையில் சுருட்டி வைத்திருந்தான். அவளைக் கண்டதும் நகரப் பார்த்தான். அவளே அவன் பக்கம் போனாள். போகும்வரை என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியாது.

"பிரேக்கு இல்லைன்னு தெரிஞ்சப்ப எங்க இருந்தீங்க?"

அவன் கையிலிருந்த துண்டைப் பிரித்து மறுபடியும் சுருட்டினான். பிறகு, "டோல்கேட்டத் தாண்டி, எறக்கம் ஆரம்பிக்கற எடத்துலங்க" என்றான். "கியர்ல புடிச்சிப் பாத்தன். ஆரன் அடிச்சிட்டே வந்தன். உங்க பையன் திரும்பிப் பாத்தாருங்க. ஒதுங்கறதுக்குத்தான் பாத்தாரு. அந்தப் பக்கம் எடம் இல்லீங்க."

இது இதுவரை யாரும் அவளுக்குச் சொல்லாதது. மகன் கடைசியாகத் திரும்பிப் பார்த்தான் என்பதை அவனைக் கொன்ற லாரியை ஓட்டியவன் வாயால்தான் அவள் கேட்க வேண்டியிருந்தது. சவரியப்பனும் பக்கத்தில் வந்து நின்று அதைக் கேட்டார்.

உள்ளே வழக்கைக் கூப்பிட்டார்கள். ஓனர் தரப்பு வக்கீல் வரவில்லை. பொங்கல் கழித்து வரச் சொல்லி வழக்கைத் தள்ளிவைத்தார்கள். மாதேஸ்வரன் கும்பிடவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுவிட்டு, படி இறங்கிப் போனான்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது, "ஆரன் அடிச்சது அவனுக்குக் கேட்டிருக்குது" என்றார் சவரியப்பன். லூர்துமேரி ஆமாம் என்றாள். சேலம் பஸ் வந்தது. உட்கார இடம் இல்லாமல் இருவரும் அதியமான்கோட்டைவரை நின்றுகொண்டே போனார்கள்.