சத்தத்துக்கு அடியில் சொன்னது

தையல்காரியின் மொட்டை மாடிக்கு மேலேதான் விமானங்கள் இறங்கும். தாழ்வு என்றால் அப்படியொரு தாழ்வு, சக்கரத்தை எண்ணிவிடலாம். அந்த நேரத்தில் தெருவே பேச்சைப் பாதியில் நிறுத்தும். விமானம் போனதும் விட்ட இடத்தில் தொடரும். தையல்காரி மட்டும் நிறுத்த மாட்டாள். அந்தச் சத்தத்துக்கு அடியில் மனத்தில் இருப்பதைக் கொட்டிவிடுவாள்.

கொட்ட என்ன இருக்கிறது? அக்கா இருக்கிறாளே! புருஷன் போனபின் பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவள், ஒன்பது வருடமாகக் கிளம்பவில்லை. தையல் அறையில் அவள் கட்டில். மெஷின் சமையலறை வாசலில். வெட்டிய துணியில் எண்ணெய் தெறிக்கிறது. வாய்விட்டுச் சொல்லவும் முடியாது, கூடப் பிறந்தவள் ஆயிற்றே. அதனால் தினமும் காலை எட்டரை மணி விமானம் தலைக்கு மேல் அலறும்போது, அக்காவிடம் காபியை நீட்டிக்கொண்டே, "எப்பதான் போவியோ, மகராசி!" என்பாள். நெஞ்சு லேசாகிவிடும். அதற்காகக் காபியில் சர்க்கரையைக் குறைத்தவள் இல்லை. பாசமும் நிஜம்தான்.

இப்படி இருக்கையில் விமான நிலையத்திலிருந்து ஒரு தாள் வந்தது. ஓடுபாதை இரண்டு இருக்கிறதாம், சத்தத்தைச் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் பங்கு போடப் போகிறார்களாம். ஒரு வாரம் காலையில் இந்தப் பாதை, மாலையில் அந்தப் பாதை, மறுவாரம் தலைகீழ், காற்றின் திசை மாறினால் எல்லாமே மாறும். அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனைப் பிடித்தாள்.

"காத்துக்கு எதிராதாங்க ப்ளேன் இறங்கும்," என்றார் அவர்.

"அப்ப நாளைக்குக் காலையில நம்ம தலைமேல வருமா, வராதா?"

"அதைக் காத்துக்கிட்டதான் கேக்கணும்."

நல்ல ஆளைப் பார்த்துக் கேட்டாள்!

மறுநாள் எட்டரை. தூரத்தில் உறுமல் எழுந்தது. பழகின வாய் காத்திருக்குமா? காபியை நீட்டிக்கொண்டே, வழக்கம்போலத் தொண்டையைத் திறந்து அதையே சொன்னாள். விமானமோ மற்றப் பாதையில், ஊருக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. அவள் சொன்னது மட்டும் சமையலறை முழுக்கக் கேட்டது.

அக்கா காபியைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அறைக்குள் போய்ப் பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் திறந்து வைத்தாள். தையல்காரிக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. ஒன்பது வருடமாக இதைத்தானே கேட்டாள்? இப்போது வந்தது சந்தோஷமா, பயமா, இன்னதென்றே தெரியவில்லை.

"அக்கா, அது... உன்னைச் சொல்லலை. அந்த ப்ளேனைத்தான்..."

"சும்மா இருடி. இந்தத் தெருவுல குடியிருக்கிறவளுக்கு உதட்டைப் பாத்தா பேச்சுப் புரியாதா? வந்த முதல் வருஷமே எனக்குத் தெரியும்."

தையல்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமா இருந்தே?"

"எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியாதே. அந்த மறைவுலதான்டி இத்தனை வருஷம் இருந்தேன்." அக்கா ஒரு துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். "இனிமே எந்த முகத்தோட இருக்கிறது, சொல்லு."

போகாதே என்ற சொல் வாய்வரை வந்தது. அது மனதார வருகிறதா, வெட்கத்தில் வருகிறதா என்று அவளுக்கே பிடிபடவில்லை. அக்கா அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.